பெண் பிள்ளைகளும் வாட்டர் போலோவும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை நீச்சல் வகுப்பில் பெண் பிள்ளைகளிடம் அந்த மஞ்சள் பந்தைக் கொடுத்ததிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், அம்மாக்கள் கேட்பது வேறு விதம். அப்பாக்கள் பெரும்பாலும் ‘இதுல வேலை கிடைக்குமா?’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். சொல்ல வசதியாக, உலக அளவில் ஆடிய ஒரு வீராங்கனையின் கதையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அமெரிக்க அணியின் கேப்டனாக இருந்த மேகி ஸ்டெஃபன்ஸ்தான் அவர். நடுநடுவே வேறு சிலரும் வருவார்கள்.

இது என்ன விளையாட்டு மிஸ்? தண்ணிக்குள்ள ஹேண்ட்பாலா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் தண்ணீரில் இருப்பார்கள், அதில் ஒருவர் கோல்கீப்பர். எதிர்ப்பக்கத்து வலைக்குள் பந்தை எறிந்தால் கோல். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம். எட்டு நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்பதால், 32 நிமிட ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பெண்கள் ஆடும் களம் 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். வலை 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம். பெண்களுக்கான பந்து ஆண்களுடையதை விடக் கொஞ்சம் சின்னது. எடை 400 முதல் 450 கிராம் வரை.

முரட்டு ஆட்டம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பந்து கையில் இருப்பவரைப் பிடிக்கலாம், அழுத்தலாம், இழுக்கலாம். பந்தைக் கைவிட்ட பிறகும் பிடித்தால் தப்பு. பெரிய தப்பு செய்தவர் கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டும், அந்த நேரத்தில் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். அப்படி மூன்று முறை ஆனால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிய, கழுத்தளவுத் தண்ணீரில் கபடி என்று சொல்லிவிடுவேன்.

தரையில கால் ஊனவே கூடாதா?

கூடவே கூடாது. குளம் குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பெரிய போட்டி என்றால் 2 மீட்டர். உயரமானவருக்கும் தரை எட்டாது.

அப்படியானால் எப்படி மிதக்கிறார்கள்? எல்லாம் காலில்தான் இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு பக்கமும் நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். இடுப்பும் தொடையும் அசையக் கூடாது. வலது பாதத்தை இடஞ்சுழியாகவும் இடது பாதத்தை வலஞ்சுழியாகவும் சுற்றுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றக் கூடாது. ஒன்று வெளியே போகும்போது மற்றது உள்ளே வர வேண்டும். முதல் நாள் குழம்பும், ஒரு காலைச் சுற்றும்போது இன்னொரு கால் மறந்துபோகும். பழகிய பிறகு அதே அசைவைத் தண்ணீரில் செய்தால், உள்ளங்காலும் கெண்டைக்காலின் உட்புறமும் தண்ணீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், உடம்பு நிமிர்ந்து நிற்கும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். அந்தக் கைகளால்தான் ஆட்டம்.

தவளை உதைப்பில் ஒவ்வொரு உதைக்கும் உடம்பு எழும்பி இறங்கும். இதில் எப்போதும் ஒரு கால் வேலையில் இருப்பதால் தலை ஒரே மட்டத்தில் நிற்கும். எறிகிற நேரத்தில் மட்டும் இரண்டு காலையும் சேர்த்து உதைத்து, இடுப்பு வரை வெளியே எழும்புவார்கள். பயிற்சியில் தண்ணீர் நிரம்பிய கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதக்க வைப்பார்கள். நாங்கள் 2 லிட்டர் பாட்டில் கொடுக்கிறோம். முழங்கை தண்ணீரில் நனைந்தால் அவுட். நீச்சலில் முதலாவதாக வருகிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில் திணறிப்போவார்கள்.

மேகி ஸ்டெஃபன்ஸ் அப்படி என்ன செய்தார்?

1993-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா கார்லோஸ், புவேர்ட்டோ ரிக்கோவுக்காக வாட்டர் போலோ ஆடியவர். அக்கா ஜெசிக்கா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியில் இருந்தார். 2012 லண்டனில் அக்கா தங்கை இருவரும் ஒரே அணியில் இறங்கினார்கள். தங்கைக்கு அப்போது வயது 19. முதல் ஒலிம்பிக் ஆட்டம் ஹங்கேரியோடு. அமெரிக்கா 14-13 என்று தப்பிப் பிழைத்தது. அதில் ஏழு கோல் மேகியுடையது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 8-5 என்று ஜெயித்தபோது ஐந்து கோல். அந்தப் போட்டி முழுக்கச் சேர்த்து 21. அமெரிக்கப் பெண்களுக்கு இந்த விளையாட்டில் அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்வதுண்டு. 19 வயதில் தங்கம் வாங்கியவர் படிப்பை விடவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்காக ஆடினார். 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாம்பியன்ஷிப்பை வென்றது. 2016 ரியோவில் நாட்டு அணிக்குக் கேப்டன். இத்தாலியை 12-5 என்று ஜெயித்து இரண்டாவது தங்கம். 2015, 2017, 2019 என்று மூன்று உலக சாம்பியன்ஷிப் தங்கங்கள் வரிசையாக வந்தன.

டோக்கியோவில் ஓர் இடறல். முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 9-10 என்று தோற்றார்கள். பெய்ஜிங் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்த அணிக்கு அதுவே முதல் தோல்வி. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, இறுதியில் ஸ்பெயினை 14-5 என்று புரட்டி எடுத்தார்கள். அந்த ஒலிம்பிக்கில்தான் இத்தாலியின் தானியா டி மரியோவைத் தாண்டி, ஒலிம்பிக் பெண்கள் வாட்டர் போலோவில் மிக அதிக கோல் அடித்தவர் என்ற பெயர் மேகிக்கு வந்தது. அடுத்தது பாரிஸ் 2024, அவருக்கு நான்காவது ஒலிம்பிக். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டி எறிதலில் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்து கடைசி நொடியில் கோல் போட்டு 11-10 என்று பறித்துக்கொண்டது. மூன்று தங்கத்துக்கு அப்புறம் வெறுங்கையோடு நான்காமிடம். தங்கம் ஸ்பெயினுக்குப் போனது.

அவங்க வீடே விளையாட்டு வீடு. எங்க வீட்டுல யாருக்கும் நீச்சலே தெரியாதே டீச்சர்?

இதற்குப் பதில் பிரெண்டா வியா. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் காமர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த இடம், நம் ஓசூர்ப் பக்கம் மாதிரி. பெற்றோர் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர் நகராட்சி ஒரு நீச்சல் குளம் வைத்துப் பிள்ளைகளுக்கு வாட்டர் போலோ சொல்லிக்கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால் பிரெண்டா பையன்கள் அணியில் ஆடினார். 2000-ல் வெள்ளி, 2004-ல் வெண்கலம், 2008-ல் வெள்ளி, 2012-ல் தங்கம். நான்கு ஒலிம்பிக் போய் நான்கிலும் பதக்கம். காமர்ஸ் நகராட்சிக் குளத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

என்னைக் கேட்டால் மேகி கதையை விட நமக்கு இது முக்கியமானது. குடும்பம் கொடுக்க முடியாததை ஒரு நகராட்சி கொடுத்திருக்கிறது. நல்ல குளம், அதில் விடாமல் நடந்த வகுப்பு, நுழைவுக் கட்டணம் கேட்காத வாசல், அவ்வளவுதான் அது செய்தது. அதே அமெரிக்க அணியில் 2016-லிருந்து மூன்று ஒலிம்பிக்கில் கோல்கீப்பராக ஆடிய ஆஷ்லி ஜான்சனைப் பற்றியும் தேடிப் படியுங்கள். வாட்டர் போலோவில் அந்த நாட்டின் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர்.

பெண்கள் ஆட்டம் ஒலிம்பிக்கில் எப்போது வந்தது?

2000 சிட்னியில். ஆண்கள் 1900-லிருந்தே ஆடிக்கொண்டிருக்க, பெண்களுக்கு நூறு வருடம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய வீராங்கனைகள் விடாமல் சண்டை போட்டு வாங்கியது. அந்த முதல் தங்கமும் அவர்களுக்கே. அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டம் 3-3 என்று நின்றபோது, முடிய ஒரு நொடியும் சொச்சமும் இருக்க இவெட் ஹிக்கின்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து வலைக்குள் போனது. சிட்னியில் பெண்கள் பிரிவில் ஆறு அணிகள்தான் ஆடின. டோக்கியோவிலும் பாரிஸிலும் பத்து. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்களுக்குச் சமமாகப் பன்னிரண்டு அணிகள் ஆட இருக்கின்றன.

சம்பளம் வருமா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

இதை மட்டும் நம்பிப் பிழைப்பது கஷ்டம். உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கே அப்படித்தான். பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன்னால், மேகியே சமூக வலைத்தளத்தில் இதை எழுதினார். ஒலிம்பிக் ஆடுபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, தனக்கும்கூட, இரண்டாவது, மூன்றாவது வேலை தேவைப்படுகிறது என்றார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் சொன்ன வார்த்தை இது! அதைப் பார்த்த ராப் பாடகர் ஃபிளேவர் ஃபிளேவ் ஐந்து வருடத்துக்கு ஸ்பான்சர் செய்ய முன்வந்தார். பாரிஸில் கழுத்தில் பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கேலரியில் கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஐரோப்பாவில் இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், ஹங்கேரி நாடுகளில் கிளப் அணிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வீராங்கனைகளுக்கும் காசு கொடுத்து எடுப்பார்கள். பிரெண்டாவும் இத்தாலியின் கடானியா கிளப்பில் ஆடியிருக்கிறார். ஆனால் கிரிக்கெட் பணத்தை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. ரயில்வேயும் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறது. ஆனால் எந்த விளையாட்டு, எந்த அளவிலான போட்டி, எந்தச் சான்றிதழ் என்பதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறது, அது அவ்வப்போது மாறும். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் அந்த வருடத்துப் பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யாரோ வாயால் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

இந்தியா இதில் எங்கே இருக்கிறது?

ஆண்கள் அணி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் ஆடியது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கமே வாங்கியது. பெண்கள் அணி ஒலிம்பிக் போனதில்லை. ஆசிய விளையாட்டிலேயே பெண்கள் பிரிவு 2010 குவாங்சோவில்தான் வந்தது. உள்நாட்டில் கேரளா, வங்காளம், மகாராஷ்டிரா, ரயில்வே அணிகளின் பெயர்தான் அதிகம் அடிபடும்.

இதில் நமக்கு ஒரு நல்லது ஒளிந்திருக்கிறது. நூறு மீட்டர் நீச்சலில் மாநில அணிக்குள் நுழையக் காத்திருக்கும் கூட்டம் பெரிது. வாட்டர் போலோவில் மாற்று ஆட்களோடு சேர்த்து ஓர் அணிக்கே பதின்மூன்று பேர் தேவை, ஆடும் பெண்களோ குறைவு. சுமாரான வேகமும் நல்ல காலும் இருக்கும் பிள்ளைக்கு அங்கே கதவு கொஞ்சம் அகலம்.

நம்ம மாவட்டத்துல அதுக்கேத்த குளம் இருக்கா?

போட்டி நடத்தும் அளவுக்கான குளம் என்றால் சென்னை வேளச்சேரிக்குத்தான் போக வேண்டும். இங்கே உள்ள குளங்கள் நீச்சல் பழகுவதற்கும் நீளவாக்கில் நீந்துவதற்கும் கட்டியவை. ஒரு முனையில் இடுப்பளவு, மறு முனையில் ஆழம். அந்த ஆழ முனையில் பாதிக் களம் கிடைக்கிறது. அடிப்படை பழக அது போதும், ஆட்டம் நடத்தப் போதாது.

‘குடிக்கிற தண்ணிக்கே ஒகேனக்கல் திட்டம் போட்டுக் குழாய் இழுக்க வேண்டியிருந்த ஊர்ல இதெல்லாம் தேவையா?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எண்பதுக்கு மேல் நடை. ஆனால் ஒரு முறை நிரப்பியதை வடிகட்டி வடிகட்டித் திரும்ப ஓட விடுவதுதான் வழக்கம். ஆவியாவதையும் வடிகட்டியைக் கழுவுவதில் போவதையும் மட்டும் ஈடு செய்தால் போதும். மேலே கூரை போட்டால் ஆவியாவதும் குறையும். கட்டுவதை விட, மோட்டாரையும் வடிகட்டியையும் வருடக்கணக்கில் பழுதில்லாமல் ஓட்டுவதுதான் பெரிய வேலை. திறப்பு விழாவுக்கு வருகிற ஆட்கள் அதற்கு வருவதில்லை.

கிணத்துல பழகக் கூடாதா? ஒகேனக்கல்ல பசங்க எவ்வளவு நல்லா நீந்தறாங்க!

விவசாயக் கிணறு காலுக்கு நல்ல பள்ளிக்கூடம்தான். ஆழத்துக்குப் பஞ்சமில்லை, சுவரைப் பிடிக்காமல் நிற்கப் பழகிய பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் பார்த்தவரை கிணற்றில் குதிப்பது பெரும்பாலும் பையன்கள். பெண் பிள்ளைகள் துணி துவைத்தபடி மேட்டில் நிற்கிறார்கள். அதை மாற்றுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும், கயிறும் காற்றடித்த டியூபும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படி இல்லாத கிணற்றில் இறக்காதீர்கள்.

ஆற்றிலும் அணையிலும் வேண்டாம். ஒகேனக்கல்லில் பாறைக்கு அடியில் சுழல் எங்கே இருக்கிறது என்பது பரிசல் ஓட்டுபவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கிருஷ்ணகிரி அணையில் கரையோரத்துச் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். பயிற்சி என்ற பெயரில் அங்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற யாரையும் நம்ப வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு பக்கம்தானே, அங்கே சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சென்னை 250 கிலோமீட்டர், பெங்களூரு 90. ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் வசதி, 40 கிலோமீட்டர்தான். பசவனகுடியில் பேர் பெற்ற நீச்சல் மையம் இருக்கிறது. ஆனால் தேசியப் போட்டியில் மாநில அணிக்காகத்தான் ஆட முடியும். எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்; நடுவில் மாற்றுவது பெரிய தலைவலி. அங்கே பழகி இங்கே பதிவு செய்ய நினைத்தால், இரண்டு பக்கச் சங்கத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சல் உடைதான் எங்களுக்குத் தயக்கம். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது?

இந்த இரண்டையும் அம்மாக்கள் மெதுவாகத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள். சத்தமாகவே பதில் சொல்கிறேன். வாட்டர் போலோ உடை மற்ற நீச்சல் உடையை விட மூடியது. முன்பக்கம் கழுத்து வரை ஏறி, முதுகில் ஜிப் இருக்கும். எதிராளி பிடித்து இழுக்காமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. பயிற்சிக்கு முழங்கால் வரை உள்ள உடை போட்டு வந்தால் யாரும் தடுப்பதில்லை. போட்டி என்று வரும்போது அந்தப் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் கப் அல்லது டாம்பன் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும் வீராங்கனைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அந்த நாட்களில் கரையிலேயே பந்து எறிந்து பழகட்டும், காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கறுத்துப் போவாள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. போவாள்தான். முடியும் கொஞ்சம் வறளும்; இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து எண்ணெய் தடவினால் குளோரின் அவ்வளவாக ஏறாது.

அடிபடுமா?

படும். விரல் பிசகும், மூக்கில் முழங்கை இடிக்கும். நாள்பட ஆடுபவர்களுக்குத் தோள்தான் பெரிய பிரச்சினை. நீந்துவதும் அதே தோள், எறிவதும் அதே தோள். அதனால் சின்ன வயதில் கணக்கில்லாமல் எறிய விடாதீர்கள். தொப்பியில் காதுக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் இருப்பது, பந்து நேராகக் காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம் என்பதால்தான். தலையில் பலமாக அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, நேரே டாக்டரிடம் போக வேண்டும். ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்று பிள்ளை சொல்வதைக் கேட்கக் கூடாது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

நீச்சலை ஏழெட்டு வயதிலும் பந்தைப் பத்துப் பன்னிரண்டிலும் தொடங்கலாம். பதினான்கு வயதில் வந்தால் தாமதம் என்று நான் திருப்பி அனுப்புவதில்லை. கோல்கீப்பர் இடத்துக்கு, கைப்பந்திலோ கூடைப்பந்திலோ இருந்து வரும் உயரமான பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பரீட்சைக்கு முன் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், காலுக்குப் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் சரி. அடியோடு நிறுத்திவிட்டால் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

முதல் நாள் என்ன எடுத்து வர வேண்டும்?

நீச்சல் உடை, துண்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், வகுப்பு முடிந்ததும் பசிக்கும் என்பதால் வாழைப்பழமோ கடலை உருண்டையோ. நீந்தும் கண்ணாடி ஆட்டத்தில் போடக் கூடாது, ஆனாலும் முதல் சில வாரங்களுக்குக் கொண்டு வரலாம். தோடு, வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்; பெரிய போட்டிகளில் நடுவர் ஒவ்வொருவர் கையையும் தடவிப் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்குவார், நாங்களும் அப்படித்தான்.